டேபிள்ல ஓடுது, வானத்துல மாட்டுது: மஸ்டாங் இடது கால் முக்கால்ல நிற்குது [தீர்ந்தது]

அல்சூர் ஆகாயம் | பெங்களூரு | ஞாயிறு இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்குக் காலைல நடந்ததை அப்படியே எழுதறேன். இதே கோளாறை யாராவது பார்த்திருந்தா சொல்லுங்க.

ரேடியோ ரிமோட்ல பறக்கற மாடல் விமானம், ஃபோம்ல செஞ்ச மஸ்டாங். சிறகு 1400 மி.மீ., பறக்கற எடை 1.95 கிலோ, 4 செல் லிப்போ பேட்டரி. மெயின் கால் ரெண்டும் எலக்ட்ரிக் ரிட்ராக்ட், அதாவது பறக்கும்போது மோட்டார்ல உள்ளே மடங்கற வகை. தனி கன்ட்ரோல் பாக்ஸ் கிடையாது, ஒவ்வொரு யூனிட்டுக்குள்ளயும் போர்டு இருக்கற மூணு ஒயர் வகை. ரெண்டும் ஒரு ஒய் கேபிள்ல (ஒண்ணு ரெண்டா பிரியற ஒயர்) சேர்ந்து ரிசீவரோட 5-வது சேனலுக்குப் போகுது. வால் சக்கரம் மடங்காது.

கனகபுரா ரோட்டைத் தாண்டி தெரிஞ்சவர் நிலத்துல செம்மண் ஓடுபாதை இருக்கு, அங்கதான் பறக்கறோம். டேக் ஆஃப் ஆகி ஒரு சுத்து ஏறினதும் ஸ்விட்ச் போட்டேன். வலது கால் அழகா உள்ளே போச்சு. இடது கால் முக்கால்வாசி மடங்கி நின்னுடுச்சு. இறக்கி மறுபடி ஏத்தினா ஒரு தடவை போச்சு, அடுத்த தடவை போகலை. மூணாவது ஃப்ளைட்ல போகவே இல்லை. ஆனா இறக்கும்போது மட்டும் ஒழுங்கா இறங்கி லாக் ஆகுது. அதனால லேண்டிங் மூணும் நல்லாவே முடிஞ்சுது.

வீட்டுக்கு வந்து டேபிள்ல வச்சு முப்பது தடவை ஏத்தி இறக்கிப் பார்த்தேன். ஒரு தடவைகூட மாட்டலை. இந்த மாடலுக்கு ஆறு மாசம் காசு சேர்த்தேன். அடுத்த ஞாயிறுக்குள்ள சரி பண்ணணும். புது யூனிட் வாங்கிடவா?

மெரினா காற்று | சென்னை | ஞாயிறு இரவு 9.58

ப்ரோ, என்கிட்டயும் அதே மாடல்தான். எனக்கு ஒரு தடவை ஒய் கேபிள் பிளக்ல பின் லூஸாகி இப்படி ஆச்சு. மோட்டார் அதிர்வுல கான்டாக்ட் விட்டு விட்டு வரும், டேபிள்ல தெரியாது. முதல்ல கேபிளை மாத்து.

சிப்பும் சால்டரும் | பெங்களூரு | ஞாயிறு இரவு 10.31

வாங்கறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க. இந்த யூனிட் எப்படி நிக்குதுன்னு புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சிடும்.

உள்ளே சின்ன மோட்டார், கியர், அதோட ஒரு திருகுத் தண்டு. தண்டு சுத்தினா அதுல இருக்கற நட் நகர்ந்து காலைப் பிடிச்சிருக்கற பிளாக்கைத் திருப்பும். முனைக்கு வந்தாச்சுன்னு போர்டுக்கு எப்படித் தெரியும்? நிறைய யூனிட்ல லிமிட் ஸ்விட்ச்சே கிடையாது. முனையில நட் முட்டினதும் மோட்டார் இழுக்கற கரன்ட் சட்டுனு ஏறும். அந்த ஏத்தத்தைப் பார்த்துத்தான் போர்டு மோட்டாரை அணைக்கும்.

அதனால நடுவழில எங்கயாவது இறுக்கம் வந்து கரன்ட் ஏறினாலும் போர்டு "வந்து சேர்ந்தாச்சு"ன்னு முடிவு பண்ணிடும். உங்க இடது கால் பழுதாகி நிக்கலை. அது சேர்ந்துட்டதா நினைச்சு நிக்குது. ஸ்விட்ச்சைத் திருப்பிப் போட்டா மறுபடி கிளம்பறதும் அதனாலதான்.

அப்போ கேள்வி ரெண்டு. ஒண்ணு, வோல்டேஜ் சரியா போகுதா. இன்னொண்ணு, எது இறுக்குது. முதல் கேள்வியை நான் எடுத்துக்கறேன்.

உங்க இ.எஸ்.சி.ல (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற போர்டு) இருக்கற பி.இ.சி. (ரிசீவருக்கு 5 வோல்ட் கொடுக்கற பகுதி) லீனியரா ஸ்விட்ச்சிங்கான்னு பாருங்க. லீனியர்னா 4 செல்லோட ரொம்பக் கஷ்டப்படும். முழு சார்ஜ்ல 16.8 வோல்ட், அதை 5 வோல்ட்டாக்கணும். 1 ஆம்ப் எடுத்தாலே 11.8 வாட் வெறும் சூடா போகுது. சூடானதும் வோல்டேஜ் விழும். வானத்துல ஆறு சர்வோவும் (சிறகு, வால் பலகைகளை அசைக்கற சின்ன மோட்டார்கள்) வேலை செய்யற நேரத்துல ரெண்டு காலும் சேர்ந்து இழுத்தா ரிசீவரே ஒரு நொடி அணைஞ்சு போகலாம். கால் மாட்டறதைவிட அது பெரிய ஆபத்து.

மல்டிமீட்டரை பி.இ.சி. முனையில வைக்காதீங்க, ரிட்ராக்ட் பிளக்லயே வைங்க. ஸ்டிக் ரெண்டையும் சுத்திக்கிட்டே ஸ்விட்ச் போடுங்க. 4.8-க்குக் கீழ விழுதான்னு பாருங்க. பிறகு ஒய் கேபிள்ல இடது வலதை மாத்திச் சொருகுங்க. கோளாறு பக்கம் மாறுச்சுன்னா கேபிள். மாறலைன்னா கேபிளை விட்டுடலாம்.

அல்சூர் ஆகாயம் | திங்கள் இரவு 8.15

அக்கா, ரொம்ப நன்றி. பி.இ.சி. ஸ்விட்ச்சிங்தான், 5 ஆம்ப். பிளக்ல அளந்தேன்: சும்மா இருக்கும்போது 5.1, எல்லா சர்வோவும் ஓடி ரெண்டு காலும் மடங்கும்போது 4.9. அதுக்குக் கீழ போகலை.

ஒய் கேபிளைப் புதுசா எஸ்.பி. ரோட்ல வாங்கிப் போட்டேன், இடது வலதையும் மாத்திச் சொருகினேன். டேபிள்ல எல்லாம் நல்லா ஓடுது, அதனால ஒண்ணும் தெரியலை. ஆபீஸ்ல கூட வேலை செய்யற ஒருத்தர்கிட்ட அதே யூனிட் உபரியா ஒண்ணு இருக்கு, நாளைக்குக் காலைல வாங்கி இடது பக்கம் போடறேன். ஒர்க் ஃப்ரம் ஹோம்தான், விடியும்போதே நிலத்துக்குப் போய் ஒரு ஃப்ளைட் பண்ணிட்டு வந்துடுவேன்.

காற்றுத்தொட்டி | ஓசூர் | திங்கள் இரவு 8.50

இதுக்குத்தான் நான் இன்னும் காற்றழுத்தத்துல மடங்கற ரிட்ராக்ட்டே வச்சிருக்கேன். போர்டு இல்லை, கரன்ட் இல்லை. ஆனா எனக்கும் ஒரு சந்தேகம், இழையைத் திசை திருப்பறதுக்கு மன்னிக்கணும். தொட்டில 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காற்று அடிச்சு வச்சா அரை மணில 60-க்கு வந்துடுது. எங்க கசியுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

பழைய பால்சா | பெங்களூரு | திங்கள் இரவு 9.20

காற்றுத்தொட்டி, கால்கள் இறங்கிய நிலையில் ஒரு முறையும் ஏறிய நிலையில் ஒரு முறையும் காற்றடித்து, தனித்தனியாக அரை மணி நேரம் பாருங்கள். ஒரு நிலையில் மட்டும் இறங்கினால் அந்தப் பக்கத்துக் குழாய் அல்லது சிலிண்டர் ஓ-ரிங் (ரப்பர் வளையம்). இரண்டிலும் இறங்கினால் தொட்டி, வால்வு, காற்றடிக்கும் வாய் மூன்றில் ஒன்று. வால்வையும் குழாய் இணைப்புகளையும் வெளியே எடுத்து ஒரு கிண்ணம் தண்ணீரில் முக்கினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் ஒரு துளி போதும். குழாய் முனையைப் பிளேடால் நேராக வெட்டிப் பொருத்துங்கள், சாய்வாக வெட்டிய முனைதான் பாதிக் கசிவுக்குக் காரணம்.

அல்சூர் தம்பி, உங்கள் இழையை இப்போதுதான் படித்தேன். விமானத்தை டேபிளில் எப்படி வைத்து முப்பது முறை பார்த்தீர்கள்?

அல்சூர் ஆகாயம் | செவ்வாய் காலை 9.05

புது யூனிட் போட்டுப் பறந்தேன். அதே இடது கால், அதே முக்கால்வாசி. மனசு உடைஞ்சுபோச்சு. கேபிள் புதுசு, யூனிட் புதுசு, வோல்டேஜ் சரி. இனி எதைப் பார்க்கறதுன்னே தெரியலை. இந்தத் தடவை கால் இறங்கறதுலயும் ஒரு நொடி தயங்கின மாதிரி இருந்துது, பயந்துட்டேன். ஒருவேளை வானத்துலயே ஒரு கால் பாதியில நின்னுட்டா என்ன செய்யறது?

அண்ணா, தலைகீழாத்தான் வச்சேன். ஸ்டாண்ட்ல கவுத்து வச்சு, சக்கரம் மேலே பார்த்த மாதிரி. எல்லாரும் அப்படித்தானே பார்ப்போம்?

பழைய பால்சா | செவ்வாய் காலை 10.40

எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறோம். கோளாறு ஒளிந்துகொள்வதும் அங்கேதான்.

விமானத்தைக் கவிழ்த்து வைத்தால் இறங்கிய கால் வானத்தைப் பார்த்து நிற்கிறது. மடக்கும்போது அது கீழே விழுகிறது, புவியீர்ப்பு உங்கள் மோட்டாருக்குக் கைகொடுக்கிறது. பறக்கும்போது நடப்பது நேர் எதிர். தொங்குகிற காலையும் சக்கரத்தையும் அதே மோட்டார் தூக்க வேண்டும். அதனால்தான் உங்களுக்கு இறங்குவது எளிதாகவும் ஏறுவது கடினமாகவும் இருக்கிறது.

ஏன் சரியாக முக்கால்வாசியில்? கால் நேராகத் தொங்கும்போது எடை அச்சுக்கு நேர் கீழே இருக்கிறது, சுமையே இல்லை. மடங்க மடங்க எடை பக்கவாட்டில் விலகுகிறது, திருப்புவிசை ஏறிக்கொண்டே போகிறது. கால் கிடைமட்டத்தை நெருங்கும் இடத்தில்தான் சுமை உச்சம். நீட்டிய கையில் வாளியைத் தூக்கிப் பாருங்கள், தோள் சொல்லும். இதோடு நீங்கள் ஏறிக்கொண்டே திரும்பும்போது ஸ்விட்ச் போட்டிருந்தால், அந்தத் திருப்பத்தில் எல்லாமே ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு கனக்கும். நேராகப் பறந்துகொண்டே மடக்குங்கள்.

நான் முப்பத்திரண்டு வருடம் ஹாங்கரில் வேலை பார்த்தவன். நிஜ விமானத்தின் கால்களைச் சோதிக்க அதை யாரும் கவிழ்ப்பதில்லை. ஜாக்குகளின் மேல் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, வானத்தில் எப்படி இருக்குமோ அப்படியே வைத்து ஏற்றி இறக்குவோம். கியர் ஸ்விங் என்று பெயர். ஒவ்வொரு முறையும் கதவு உரசுகிறதா, பூட்டு விழுகிறதா என்று அடியில் நின்று பார்க்க ஒரு ஆள் இருப்பார். உங்கள் மஸ்டாங்குக்கும் அதையே செய்யுங்கள். இரண்டு நாற்காலிகளின் முதுகில் சிறகு நுனிகளைத் தாங்க வைத்து, அடியில் பஞ்சு போட்டு, நேராக நிறுத்தி மடக்குங்கள். வீட்டிலேயே மாட்டும் என்பது என் கணிப்பு. மாட்டினால் பாதி வெற்றி, பறக்காமலேயே தேடலாம்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன், அது நியாயமான பயம். ஒரு கால் பாதியில் நின்றால் முதலில் உயரத்துக்குப் போங்கள். காலை இறக்கத்தான் பார்க்கிறீர்கள் என்றால் வேகத்தைக் குறைத்து, சற்றே கீழ்நோக்கி விட்டு நிதானமாக எலிவேட்டரை இழுத்து மூக்கைத் தூக்குங்கள். அந்த இழுப்பில் கால் கனத்து இறங்க உதவும். மடக்கத்தான் வேண்டும் என்றால் எதிர்மாறு: மூக்கை மெல்லத் தாழ்த்தி, சுமை குறைகிற அந்த ஓரிரு நொடியில் ஸ்விட்ச் போடுங்கள். இரண்டு மூன்று முறை முயலுங்கள். பேட்டரி நேரத்தை மறக்கவேண்டாம், டைமரில் இரண்டு நிமிடம் மிச்சம் வைத்தே முடிவெடுங்கள்.

எதுவும் நடக்கவில்லை என்றால் இரண்டையும் மடக்கி வயிற்றில் இறக்குங்கள். ஒற்றைக் காலில் இறங்கினால் கால் இல்லாத பக்கம் சரிந்து, அந்தச் சிறகு மண்ணில் அடித்து விமானம் சுழலும். செம்மண் பாதையில் வேண்டாம், பக்கத்தில் புல் இருந்தால் அங்கே. தரையைத் தொடுவதற்கு முன்பே த்ராட்டிலை முழுதாகக் குறைத்துவிடுங்கள். ப்ரொப்பெல்லர் மண்ணில் சிக்கி மோட்டார் சுழலாமல் நிற்கும்போது த்ராட்டில் கொஞ்சம் திறந்திருந்தாலும் இ.எஸ்.சி. எரிந்துபோகும். ஃபோம் விமானத்துக்கு வயிற்று இறக்கம் பெரிய காயமில்லை, ஒரு ப்ரொப்பெல்லரோடு போய்விடும்.

பீன்யா லேத் | பெங்களூரு | செவ்வாய் மதியம் 1.15

சாப்பாட்டு நேரத்துல எழுதறனுங்க, சுருக்கமா.

யூனிட்டை மாத்துனீங்க, காலை மாத்துனீங்களா? பழைய காலையும் சக்கரத்தையும் கழட்டிப் புது யூனிட்டுல மாட்டியிருப்பீங்க. கேபிள் போச்சு, யூனிட் போச்சு. மிச்சம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு காலும் அதை யூனிட்டுல பிடிச்சிருக்கற பின் கம்பியும், இன்னொண்ணு யூனிட் உட்கார்ற இடம்.

சக்கரம் கம்பெனி கொடுத்ததுதானா?

அல்சூர் ஆகாயம் | செவ்வாய் மாலை 7.50

பழைய பால்சா அண்ணா சொன்னது அப்படியே நடந்துது! ரெண்டு நாற்காலில நிறுத்தி மடக்கினேன். இடது கால் பத்துல ஆறு தடவை முக்கால்வாசில நிக்குது. வலது பத்துக்குப் பத்து உள்ளே போகுது. வீட்டுலயே மாட்டினதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன்னு நினைக்கலை.

பீன்யா லேத் அண்ணா, சக்கரத்தை நான் மாத்தினேன். கம்பெனி சக்கரம் ஃபோம், செம்மண்ல ரெண்டு மாசத்துல தேஞ்சு வட்டமே போயிடுச்சு. ரப்பர் சக்கரம் போட்டேன். எடை போட்டுப் பார்த்தேன்: பழசு 9 கிராம், புதுசு 28 கிராம். கால் மட்டும் 34 கிராம், நீளம் அச்சுலருந்து சக்கரம் வரைக்கும் 13 செ.மீ.

சிப்பும் சால்டரும் | செவ்வாய் இரவு 8.20

கணக்கு போட்டுப் பார்க்கலாம். காலோட எடை கிட்டத்தட்ட நடுவுல, சுமாரா 6 செ.மீ.ல இருக்குன்னு வச்சா 34 × 6 = 204. பழைய சக்கரத்துக்கு 9 × 13 = 117. மொத்தம் 321 கிராம் செ.மீ. புது சக்கரத்துக்கு 28 × 13 = 364, மொத்தம் 568. யூனிட் தூக்க வேண்டிய சுமை முக்கால் பங்குக்கு மேல கூடிடுச்சு. 19 கிராம்னு பார்த்தா சின்னது, ஆனா அது காலோட நுனியில தொங்குது.

ஆனா வலது பக்கமும் அதே ரப்பர் சக்கரம்தானே? அது போகுது. அப்போ சுமை மட்டும் காரணமில்லை. இடது பக்கம் வேற ஏதோ ஒண்ணு மோட்டாரோட பலத்தைத் திங்குது. ரெண்டும் சேர்ந்து போர்டோட எல்லையைத் தாண்டுது.

ஒயர்ல தொடர்வரிசைல மீட்டரை வச்சு கரன்ட் பாருங்க. முதல்ல காலே இல்லாம வெறும் யூனிட், பிறகு காலோட, நேரா நிறுத்தி. ரெண்டு பக்கமும்.

அல்சூர் ஆகாயம் | செவ்வாய் இரவு 10.10

அளந்தாச்சு.

கால் இல்லாம: வலது 140 மில்லி ஆம்ப், இடது 230.
காலோட, நேரா நிறுத்தி, உச்சத்துல: வலது 310, இடது 520 தொட்டதும் நின்னுடுது.

இடது பக்கத்துல இருக்கறது புது யூனிட். பழைய யூனிட்டைக் கையில பிடிச்சு, எதுலயும் திருகாம ஓட்டினேன்: 138!

பீன்யா லேத் | செவ்வாய் இரவு 10.25

அப்படின்னா யூனிட் உட்கார்ற இடம்தானுங்க. கையில இருந்தா 138, ஃபோம்ல திருகுனா 230. இதுக்கு மேல சாட்சி வேண்டாம்.

இப்பவே ஒண்ணு பண்ணுங்க. யூனிட்டைப் பிடிச்சிருக்கற நாலு ஸ்க்ரூவையும் அரைச் சுத்து லூஸ் பண்ணிட்டு ஓட்டுங்க. கரன்ட் இறங்கும். அப்புறம் ஒவ்வொரு ஸ்க்ரூவா முறுக்கிப் பாருங்க, எதை முறுக்கும்போது ஏறுதோ அந்த மூலைதான்.

அல்சூர் ஆகாயம் | செவ்வாய் இரவு 10.52

லூஸ் பண்ணினதும் 145. மூணு ஸ்க்ரூ முறுக்கற வரைக்கும் 150. நாலாவது, உள்பக்கம் பின்னாடி இருக்கற மூலை, அதை முறுக்கினதும் 230.

டார்ச் அடிச்சுப் பார்த்தேன். யூனிட் உட்கார்ற பிளாஸ்டிக் சட்டம் அந்த மூலைல ஃபோமை விட்டு வந்திருக்கு, கிட்டத்தட்ட 1 மி.மீ. கீழே அமுங்கியும் இருக்கு. போன மாசம் ஒரு லேண்டிங்ல இடது சக்கரம் முதல்ல பட்டு பலமா குதிச்சுது. வெளியில ஒரு கீறல்கூட இல்லை, அதனால மறந்தே போயிட்டேன்.

பீன்யா லேத் | புதன் காலை 6.40

ஷிப்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி எழுதறனுங்க.

மூணு மூலை மட்டமா இருந்து நாலாவது பள்ளமா இருந்தா, ஸ்க்ரூ முறுக்கும்போது யூனிட்டோட உடம்பே அந்தப் பள்ளத்தை நோக்கி முறுகும். வெளிய பார்த்தா தெரியாது. உள்ள அந்த நட்டு ரெண்டு சுவத்துக்கு நடுவுல வழுக்கிப் போகணும், சுவரு முறுகுனா அது நெறிபடும். லேத்துல வேலையைக் கோணலா பிடிச்சா என்ன ஆகுமோ அதேதான். நீங்க புது யூனிட் போட்டும் நின்னதுக்குக் காரணம் அதுதான், புது யூனிட்டையும் அதே பள்ளத்துல முறுக்குனீங்க.

சரி பண்ற விதம் சொல்றேன். அந்த மூலைல மட்டும் பசை விட்டு அமுக்கிடாதீங்க, நாலு நாள்ல திரும்ப வரும். சட்டத்தை முழுசா வெளிய எடுங்க. பழைய பசையைக் கிளறி எடுங்க. சட்டத்தைவிட சுத்தியும் 10 மி.மீ. பெரிசா 1.5 மி.மீ. ப்ளைவுட் தகடு ஒண்ணு வெட்டுங்க. ஃபோம்ல அதுக்கு ஏத்த மாதிரி 1.5 மி.மீ. ஆழம் சீவுங்க. அடி படும்போது அந்தப் பளு சட்டத்தோட மூலைல விழாம தகடு பூராவும் பரவும்.

ஒட்டறதுக்கு 30 நிமிசத்துல இறுகற எப்பாக்சி பசை. 5 நிமிசத்துது வேண்டாம், அது நீங்க மட்டம் பார்க்கறதுக்குள்ள இறுகிடும். முக்கியமான விசயம்: யூனிட்டைச் சட்டத்துல மெல்லமா திருகி வச்சே ஒட்டுங்க. அப்பத்தான் பசை காயும்போது சட்டம் யூனிட்டோட மட்டத்துக்கே நிக்கும். யூனிட்டுக்கு அடியில மெழுகு தேய்ச்சுடுங்க, பசை பிடிக்காது. ஒட்டறதுக்கு முன்னாடி சட்டத்தை ஒரு கண்ணாடி மேல வச்சு ஆடுதான்னு பாருங்க. ஆடுனா உப்புத்தாளைக் கண்ணாடி மேல விரிச்சு அதுல தேய்ங்க.

ராத்திரி பூரா காயட்டும்.

பழைய பால்சா | புதன் காலை 9.30

பீன்யாக்காரர் சொன்னதற்கு மேல் சட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிரித்திருக்கும்போதே பார்க்க வேண்டிய சிலது.

காலின் பின்னைக் கழற்றி ஒரு கண்ணாடித் துண்டில் உருட்டுங்கள். அதே குதிப்பில் அது அரை மி.மீ. வளைந்திருந்தாலும் உருளும்போது தள்ளாடும். வளைந்ததை நிமிர்த்திப் போடவேண்டாம், மாற்றுங்கள்.

பின்னைப் பிடிக்கும் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சின்ன ஸ்க்ரூ) உட்காரும் இடத்தில் தட்டையாக அராவியிருக்கிறதா? இல்லாவிட்டால் ஒவ்வொரு இறக்கத்திலும் சக்கரம் சிறிது சிறிதாகத் திரும்பி வெளிப்பக்கம் பார்க்க ஆரம்பிக்கும். இரண்டு சக்கரமும் முன்பக்கம் ஒன்றையொன்று நோக்கி இம்மி அளவு சாய்ந்திருக்கட்டும், ஒரு டிகிரி போதும். வால் சக்கர விமானம் ஓடுபாதையில் நேராக ஓட அது உதவும். லாக்டைட் நீலம் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மட்டும். பிளாஸ்டிக் பிளாக்கில் பட்டால் சில பிளாஸ்டிக் வெடித்துப்போகும்.

திருகுத் தண்டில் கிரீஸ் தடவியிருக்கிறீர்களா? நம் செம்மண் தூசி மாவு போன்றது. கிரீஸோடு சேர்ந்தால் அது அராவுகிற பசையாகிவிடும். துடைத்துவிட்டு உலர்ந்த கிராஃபைட் தூள் போடுங்கள். பறந்து வந்ததும் ஒரு பழைய டூத் பிரஷால் தட்டிவிடுங்கள்.

மெரினா காற்று | புதன் மதியம் 12.05

அண்ணா, ஒரு டவுட். நானும் ஒரு வருஷமா அதே ரப்பர் சக்கரம்தான் போட்டிருக்கேன், ஒரு தடவைகூட மாட்டலை. இவருக்கு மட்டும் ஏன் சட்டம் பேர்ந்துச்சு?

பழைய பால்சா | புதன் மதியம் 2.45

ஒரு குதிப்பே போதும், அதற்கு ஊர் தேவையில்லை. ஆனாலும் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு.

நீங்கள் கடல் மட்டத்தில் பறக்கிறீர்கள். பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 8 சதவீதம் குறைவு. அதே எடையைத் தாங்க அதே சிறகு 4 சதவீதத்துக்குச் சற்று மேல் வேகமாகப் போக வேண்டும், ஆகவே இறங்கும் வேகமும் அந்த அளவு கூடும். ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பின்பற்றுவதால் கால்கள் வாங்கும் அடியில் 9 சதவீதம் கூடுதல். மார்ச், ஏப்ரல் மதிய வெயிலில் இன்னும் கொஞ்சம். சென்னையிலிருந்து வரும் நண்பர்கள் இங்கே முதல் இறக்கத்தில் "விமானம் மிதக்கவே மாட்டேங்குது, வேகமா வருது" என்பது இதனால்தான். புல்லில் இறங்கினால் சக்கரம் வழுக்கி மன்னிக்கும், இறுகிய செம்மண் மன்னிக்காது.

அதனால் அல்சூர் தம்பி ரப்பர் சக்கரத்தைக் கழற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், அந்தத் தரைக்கு அது தேவைதான். ஆனால் 28 கிராமுக்குப் பதில் உள்ளே குழிந்த இலகுவான சக்கரம் 16, 18 கிராமில் கிடைக்கும். தேடுங்கள்.

நேரம் கிடைத்தால் ஓல்டு ஏர்போர்ட் ரோட்டில் எச்.ஏ.எல். மியூசியத்துக்குப் போய், நிற்கிற விமானங்களின் கால்களை மட்டும் ஒரு மணி நேரம் பாருங்கள். 1961-ல் முதலில் பறந்த மாருத் போர் விமானம் அங்கே இருக்கிறது. காலின் மேல்முனை உடம்போடு சேரும் இடத்தை எவ்வளவு தடிமனாகச் செய்திருக்கிறார்கள், பக்கத்தில் எங்கே முட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். நம் மாடல்களில் அந்த இடத்தில் இருப்பது ஃபோமும் ஒரு சொட்டுப் பசையும்தான். மாடல் செய்கிறவர்கள் மோட்டாரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள், கால் உட்காரும் சட்டத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. எனக்கு அதில் நெடுநாள் வருத்தம் உண்டு.

அல்சூர் ஆகாயம் | வெள்ளி இரவு 9.30

ஒட்டி ஒன்றரை நாள் காய வச்சாச்சு. பின்னைக் கண்ணாடில உருட்டினேன், லேசா தள்ளாடுச்சு, மாத்திட்டேன். தண்டுல கிரீஸ் கறுப்பா களி மாதிரி இருந்துது, துடைச்சு கிராஃபைட் போட்டேன். சட்டத்தைக் கண்ணாடில வச்சப்போ ஆடினது, அரை மணி நேரம் உப்புத்தாள்ல தேய்ச்சேன்.

பழைய யூனிட்டையே திரும்பப் போட்டேன், அது நல்லாத்தான் இருந்திருக்கு. ஆபீஸ் நண்பரோட யூனிட்டைத் திருப்பிக் கொடுத்தாச்சு.

கால் இல்லாம இடது 142. ரப்பர் சக்கரத்தோட நேரா நிறுத்தி உச்சத்துல 315. ஐம்பது தடவை, ஒண்ணுகூட மாட்டலை. அப்பா பக்கத்துல உட்கார்ந்து எண்ணினார்.

சிப்பும் சால்டரும் | வெள்ளி இரவு 9.44

அருமை! ஒரே ஒரு வேலை பாக்கி. ரிசீவர்ல ஃபெயில்சேஃப் (சிக்னல் போனா என்ன செய்யணுங்கற செட்டிங்) போடும்போது 5-வது சேனல் எந்த நிலையில இருக்குன்னு பாருங்க. சிக்னல் போனா கால் இறங்கற மாதிரி வைக்கணுமா மடங்கற மாதிரி வைக்கணுமான்னு ஆளுக்கு ஒரு கருத்து இருக்கு. நான் அது எந்த நிலையில இருந்துதோ அதுலயே இருக்கட்டும்னு வைப்பேன். த்ராட்டில் மட்டும் கட்டாயம் பூஜ்யம். பேட்டரி போடறப்போ எப்பவும் ஸ்விட்ச் "இறக்கம்" பக்கம் இருக்கணும், தரையில நிக்கும்போதே கால் மடங்கி ப்ரொப்பெல்லர் உடைஞ்சதை நான் கண்ணால பார்த்திருக்கேன்.

அல்சூர் ஆகாயம் | ஞாயிறு காலை 10.20

நிலத்துலருந்தே எழுதறேன். நாலு ஃப்ளைட். நாலுலயும் ரெண்டு காலும் ஒண்ணா மடங்கி, ஒண்ணா இறங்குச்சு. நேராப் பறந்துகிட்டே ஸ்விட்ச் போட்டேன். மூணாவது ஃப்ளைட்ல மெதுவா தலைக்கு மேல ஒரு பாஸ் எடுத்தேன், வயிறு சுத்தமா, ஒரு சக்கரமும் துருத்தாம. அந்த ஒரு பாஸுக்காகத்தான் ரிட்ராக்ட் இருக்கற மாடலே வாங்கினேன்.

தலைப்புல தீர்ந்ததுன்னு போட்டுட்டேன். பழைய பால்சா அண்ணா, பீன்யா லேத் அண்ணா, சால்டர் அக்கா, மூணு பேரும் நிலத்துக்கு ஒரு நாள் வரணும். காலை டிபன் எங்க வீட்டுலருந்து.

மெரினா காற்று | ஞாயிறு மதியம் 1.30

வாழ்த்துகள் ப்ரோ! இதைப் படிச்சிட்டு என் மஸ்டாங்கையும் ரெண்டு ஸ்டூல்ல நிறுத்திப் பார்த்தேன். மாட்டலை, ஆனா வலது பக்கம் கடைசில மோட்டார் சத்தம் கனத்துது. ஸ்க்ரூவை லூஸ் பண்ணினா சத்தம் மாறுது. சட்டத்தோட ஒரு மூலைல நகம் உள்ளே போகுது. எனக்கும் ஆரம்பிச்சிருக்கு. இங்க 1.5 மி.மீ. ப்ளை கிடைக்கலை, 2 மி.மீ. போடலாமா?

பீன்யா லேத் | ஞாயிறு மதியம் 2.10

போடலாமுங்க. ஃபோமை மட்டும் 2 மி.மீ. ஆழமா சீவுங்க. இல்லைன்னா சட்டம் அரை மி.மீ. வெளிய வந்து, மடங்குன சக்கரம் குழியை விட்டுத் துருத்தும்.